விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, கடைக் கணினிகளில் லினக்ஸ் போடலாமா? (சேலம், ஏற்காடு ஆட்கள் சொல்லுங்கள்)

குகை ஜெராக்ஸ்

சேலம் குகைப் பகுதியில் ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஓடுகிற சின்னக் கடை நம்முடையது. மூன்று கணினிகள், எல்லாமே நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தியதிலிருந்து திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. 11க்குப் போகலாம் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும் என்கிறது, நம் பெட்டிகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. விற்கிறவரைக் கேட்டால் மூன்றையும் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுங்கள், தவணை போட்டுத் தருகிறேன் என்கிறார். நன்றாக ஓடுகிற மெஷினை எதற்கு எடைக்குப் போடுவது?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று தொழில்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டுப் பார்த்தேன். லினக்ஸ் வகைகளில் ஒருவர் உபுண்டு என்றார், ஒருவர் மின்ட் என்றார், இன்னொருவர் தனிச் செய்தியில் வந்து 300 ரூபாய்க்கு கிராக், அதாவது திருட்டு விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்றார். அதற்குள் காலை வணக்கம் ரோஜாப்பூ வரிசையாக வந்து எல்லாப் பதிலும் மேலே போய்விட்டது. இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை.

கடையில் நடப்பது இவ்வளவுதான்: தமிழ் டைப்பிங், பிடிஎஃப் பிரிண்ட், பட்டா சிட்டா, ஆதார் பிரிண்ட், பிரவுசரில் விண்ணப்பங்கள், முகூர்த்த மாதத்தில் கொஞ்சம் பத்திரிகை வேலை. லினக்ஸ் தாங்குமா? போட்ட பிறகு ஏதாவது நின்றுபோனால் யாரைக் கேட்பது? இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

ஐந்து ரோடு சர்வீஸ்

அண்ணே, முதலில் லினக்ஸை விடுங்கள். அந்தச் சுழலும் டிஸ்கைக் கழற்றிவிட்டு சுழலாத, வேகமான ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள், முடிந்தால் ராமை 8 ஆக்குங்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று வருகிற பெட்டிகளில் பாதிக்கு மேல் டிஸ்க்தான் காரணம். பழைய டிஸ்கில் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் திறப்பதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

அப்புறம் லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மெனு கீழே இடது ஓரத்தில், கடிகாரம் வலது ஓரத்தில் என்று கடைப் பையனுக்குப் பழகிய இடத்திலேயே எல்லாம் இருக்கும். 4 ஜிபி ராமிலேயே ஓடும், ஆனால் குரோமில் இருபது டேப் திறந்தால் எந்த இயங்குதளமும் திணறத்தான் செய்யும், அதை லினக்ஸ் மேல் போடாதீர்கள்.

போடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்பதுதான் இதில் பலருக்குத் தெரியாத வசதி. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது வென்டாய் வைத்து பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால் முழு டெஸ்க்டாப்பும் வந்துவிடும், ஹார்ட் டிஸ்கைத் தொடவே தொடாது. அந்த நிலையிலேயே வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, ஸ்கேனர் எடுக்கிறதா என்று ஒரு மதியம் முழுக்கப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவும் பொத்தானை அழுத்துங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், ஓரமாக இருக்கும் ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் பிரிண்டர் எது?

கருப்பூர் பெஞ்ச்

மின்ட் எல்லாம் தாத்தா லினக்ஸ். ஆர்ச் லினக்ஸ் போடுங்க அண்ணா, தேவையானதை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், 4 ஜிபியில் பறக்கும். ஆர்ச் விக்கியில் எல்லாமே இருக்கிறது.

ஐந்து ரோடு சர்வீஸ்

தம்பி, முகூர்த்த நாளில் அப்டேட் போட்டு டெஸ்க்டாப் வராமல் போனால் கருப்பூரிலிருந்து குகைக்கு நீ வருவாயா?

கருப்பூர் பெஞ்ச்

செமஸ்டர் இல்லையென்றால் வருவேன் :)

சரி, ஒத்துக்கொள்கிறேன், கடைக்கு ஆர்ச் வேண்டாம். ஆனால் மின்ட் போட்டாலும் உபுண்டு போட்டாலும் ஆர்ச் விக்கியைப் படிக்கலாம். வைஃபை, பிரிண்டர், புளூடூத் என்று எந்தச் சிக்கலைத் தேடினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறேன். ஆங்கிலம் என்பது மட்டும்தான் குறை.

குகை ஜெராக்ஸ்

பிரிண்டர் இரண்டு. ஒன்று இங்க் டேங்க் வைத்த கலர் பிரிண்டர். இன்னொன்று எல்லா ஜெராக்ஸ் கடையிலும் இருக்குமே, அந்தச் சின்ன வெள்ளை லேசர். அது நின்றால் கடையே நின்றது மாதிரி.

ஐந்து ரோடு சர்வீஸ்

எதிர்பார்த்தேன். இங்க் டேங்க் பிரச்சனை செய்யாது. ஏர்பிரிண்ட் ஆதரவு உள்ள பிரிண்டர் என்றால் டிரைவரே (பிரிண்டரை இயக்கும் தனி மென்பொருள்) வேண்டியதில்லை, கேபிளைச் செருகியதும் அல்லது வைஃபையில் சேர்த்ததும் தானாகவே பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த வெள்ளை லேசர் வேறு கதை. விலை குறைந்த லேசர் பிரிண்டர்களில் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைப் பிரிண்டர் செய்வதில்லை, அதைக் கணினி தலையில் கட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்க வேண்டிய மூளை வெளியே டிரைவரில் இருக்கிறது, அதனால்தான் விலை குறைவு. அந்த டிரைவரைத் தயாரித்த நிறுவனம் லினக்ஸுக்கு ஒழுங்காகத் தராவிட்டால் பிரிண்டர் வெறும் டப்பா. சில மாடல்களுக்கு ஆர்வலர்களே எழுதிய டிரைவர் உண்டு, போட்டால் அடிக்கும், பேப்பர் சிக்கினால் அடுத்த முறை கணினியை மறுபடி தொடங்கினால்தான் அடிக்கும் என்கிற மாதிரி அரைகுறையாக. கடைக்கு அது ஆகாது.

ஆகவே ஒரு மெஷினை விண்டோஸிலேயே விடுங்கள், வெள்ளை லேசர் அதில் இருக்கட்டும். அந்த மெஷினில் ஒரு ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டு மற்ற இரண்டிலிருந்தும் பிடிஎஃப்பை அந்தப் பொது ஃபோல்டருக்கு அனுப்பி அடியுங்கள். அடுத்த முறை லேசர் வாங்கும்போது போஸ்ட்ஸ்கிரிப்ட் அல்லது பிசிஎல் என்ற பொதுவான பிரிண்டர் மொழி புரிகிற மாடலாகப் பாருங்கள், விலை கொஞ்சம் கூடும், ஆனால் அதற்குப் பிறகு எந்த இயங்குதளமானாலும் கவலையில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர்கள் எங்களுக்கு நிறைய. அவர்களுடைய கணக்கு டேலியில் இருக்கிறது, டேலி விண்டோஸுக்கான மென்பொருள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வைத்து ஓட்டுகிறேன் என்று யாராவது சொல்வார்கள், ஓடவும் ஓடலாம், ஆனால் ஜிஎஸ்டி கடைசித் தேதி இரவு 9 மணிக்கு அது மக்கர் செய்தால் எந்த ஃபோரத்தில் போய்க் கேட்பது? அடுத்தது டிஎஸ்சி டோக்கன், டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி சாதனம். டிஜிட்டல் கையெழுத்து வைக்க டோக்கனின் டிரைவரும் வேண்டும், கையெழுத்து வாங்கும் துணை மென்பொருளும் வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். விண்டோஸிலேயே அது பாதி நாள் முறைத்துக்கொண்டு நிற்கும்.

லினக்ஸ் நல்லதுதான், சர்வர்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன, நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்தான், இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் கடைக்காரருக்கு இயங்குதளம் முக்கியமில்லை, அதன் மேல் ஓடும் ஒரே ஒரு மென்பொருள்தான் முக்கியம். அது ஓடவில்லையென்றால் மீதி எல்லாம் அழகுக்கு.

இன்னொன்று, அவசரப்படவும் தேவையில்லை. விண்டோஸ் 10க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களை வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் பணம் கட்டாமலே சேரவும் வழி இருந்தது. அதுவரை யோசிக்க நேரம் உண்டு.

பழைய கர்னல்

ஆடிட்டர் ஆபீஸ்காரர் சொல்வது சரி, டேலி இருக்கும் மெஷினைத் தொடாதீர்கள். ஆனால் குகை நண்பர் கேட்ட வேலைப் பட்டியலில் டேலியே இல்லையே. அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, அதற்கு நான் வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் பிறந்ததே ஒரு குழுவில் கேட்ட கேள்வியில்தான். 1991 ஆகஸ்ட் 25 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் பயனர்கள் செய்திக்குழுவில் எழுதினார், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருக்கிறேன், மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது பிடிக்காதது என்ன என்று கேட்டு. அந்தச் செய்தியை இன்றும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது வாட்ஸ்ஆப் குழுவில் எழுதப்பட்டிருந்தால் ரோஜாப்பூவுக்கு அடியில் போயிருக்கும்.

சேலத்தில் எங்களுக்கு லினக்ஸ் வந்தது கணினிப் பத்திரிகைகளோடு இலவசமாக வந்த சிடியில். அப்புறம் உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் சிடி அனுப்பினார்கள், 2005 முதல் 2011 வரை அந்தச் சேவை இருந்தது, உறையைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர் இது என்ன படம் சார் என்று கேட்பார். நிறுவும்போது சிக்கினால் உலவு மையத்துக்குப் போய் மணிக்கணக்கில் காசு கட்டி, சென்னை லினக்ஸ் குழுவான ஐஎல்யுஜிசியின் மின்னஞ்சல் பட்டியலில் எழுதிவிட்டு மறுநாள் போய்ப் பதில் பார்ப்போம். கடுகடுவென்றுதான் பதில் வரும். மேலே பதில் எழுதாதே, கீழே எழுது, தலைப்பை ஒழுங்காகப் போடு, கேட்பதற்கு முன் தேடினாயா என்றெல்லாம். அன்றைக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த ஒழுங்கினால்தான் பல ஆண்டு கழித்தும் அந்தக் காப்பகத்தில் தேடினால் பதில் கிடைத்தது. எனக்கு எழுதிய பதில் முகம் தெரியாத இன்னொருவருக்கும் பயன்பட்டது.

இப்போது உதவி செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை, கூடத்தான் செய்திருக்கிறார்கள். டெலிகிராமில், டிஸ்கார்டில் ராத்திரி பகலாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒரே பதிலை வாரா வாரம் புதிதாக வருகிறவருக்கு மறுபடி மறுபடி எழுதுகிறார்கள், ஏனென்றால் அந்தக் குழுக்களுக்குள் எழுதுவது எதுவும் கூகுளுக்குத் தெரியாது. எத்தனை பேருடைய உழைப்பு இப்படி ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராகப் போகிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. ஆகவே குழுவில் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பதில் கிடைத்ததும் அதை வெளியே இருக்கும் ஓர் இடத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.

ஆட்கள் எங்கே என்றால், ஐஎல்யுஜிசி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது வழக்கம். காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவினர் இணையவழியிலும் கூடுகிறார்கள், தமிழிலேயே பேசலாம். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது, எளிய தமிழில் இலவச மின்னூல்களும் இருக்கின்றன. இதற்கெல்லாம் சேலத்திலிருந்து பஸ் ஏற வேண்டியதில்லை.

அம்மாபேட்டை தறி

பழைய கர்னல் ஐயா, அந்தக் கடுகடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு அது ஒழுங்கு. புதிதாக வருகிறவர்களுக்கு அது கதவைச் சாத்துவது.

நாங்கள் லினக்ஸைப் பார்த்தது பள்ளிக்கூடத்தில் கொடுத்த மடிக்கணினியில். 2011இல் தமிழ்நாடு அரசு அந்தத் திட்டத்தை ஆரம்பித்தபோது விண்டோஸோடு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அது என்ன என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அதை அழித்துவிட்டுப் படம் பார்க்க இடம் பண்ணினார்கள். எனக்கு அதில் என்னவோ இருக்கிறது என்று தோன்றியது, ஓர் ஆங்கிலக் குழுவில் போய் அரைகுறை ஆங்கிலத்தில் வைஃபை வரவில்லை என்று கேட்டேன். பதில் எழுதியவர் கையேட்டைப் படி என்று ஒரு வரி எழுதினார். எந்தக் கையேடு, எத்தனையாவது பக்கம் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? தனிச் செய்தியில் வந்தவர்கள் வேறு மாதிரி. பெண் பெயர் என்று தெரிந்ததும் வைஃபையை விட்டுவிட்டு என்னைப் பற்றி விசாரித்தார்கள். அன்றிலிருந்து எந்தக் குழுவிலும் தறிதான் என் பெயர், யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

வைஃபை விஷயத்துக்குப் பதில் இதுதான், யாருக்காவது உதவும்: பல மடிக்கணினிகளில் இருக்கும் வைஃபை சிப்புக்கு நிறுவனத்தின் ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஓடும் சின்ன மென்பொருள்) வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டால் போதும், லினக்ஸ் அதைத் தன் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். அப்புறம் மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் எது வேண்டும் என்று அதுவே காட்டும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ்காரர்களும் 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து இந்த ஃபர்ம்வேர்களை நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள், முன்பு அதற்கென்று வேறு ஐஎஸ்ஓவைத் தேடிப் போக வேண்டும்.

தமிழ் டைப்பிங்குக்கு வருகிறேன். தமிழ்99, போனடிக், பழைய டைப்ரைட்டர் எல்லாமே ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகக் கிடைக்கும். எம்17என் பொதியைச் சேர்த்துவிட்டு உள்ளீட்டு முறைகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் சரி. சிக்கல் தட்டச்சில் இல்லை, பழைய கோப்புகளில் இருக்கிறது. கடையில் பல வருடப் பத்திரிகை மேட்டர் எல்லாம் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கம். அந்த எழுத்துருவை லினக்ஸில் நிறுவினால் பார்க்கலாம், அச்சடிக்கலாம், ஆனால் தேட முடியாது, இணைய விண்ணப்பத்தில் ஒட்ட முடியாது. இணையத்தில் பொங்குதமிழ் மாதிரி உருமாற்றிகள் இருக்கின்றன, அடிக்கடி தேவைப்படும் மேட்டர்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் கொம்பு, துணைக்கால் இடம் மாறியிருக்கிறதா என்று பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் தப்பாக வந்தால் லினக்ஸ் என்று காரணம் சொல்ல முடியாது.

குகை ஜெராக்ஸ்

சிரித்துவிட்டேன் அம்மா. அந்தக் கோபத்தை நேரில் பார்த்தவன் நான். பத்திரிகை வேலைக்கு என்ன செய்வது? இன்னும் பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது.

அம்மாபேட்டை தறி

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல் அண்ணா, அதற்குப் பிறகு அடோபி புதிய பதிப்பே போடவில்லை. அந்த வேலையை மட்டும் விண்டோஸ் மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவற்றுக்கு ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பழகலாம், 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் எழுத்துகள் உடையாமல் ஒழுங்காகச் சேர்கின்றன. படம் வரைய இங்க்ஸ்கேப். பழகும்வரை கை போகாது, எரிச்சலாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் தறிக்கு ஜக்கார்டு நெசவு டிசைன் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும். அவர் இணைய வயரையே பிடுங்கிவிட்டு அதிலேயே வேலை செய்கிறார், டிசைனைப் பென்டிரைவில் எடுத்துப் போகிறார். அதுவும் ஒரு தீர்வுதான்.

ஒண்டிக்கடை

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே பிரச்சனையே வேறு. காபித் தோட்ட அலுவலகம் ஒன்றுக்கும் இரண்டு மூன்று ஹோம்ஸ்டேக்களுக்கும் கணினி வேலை பார்க்கிறேன். மின்ட் ஐஎஸ்ஓ 3 ஜிபிக்குப் பக்கத்தில் வரும், மழை நாளில் மேலே அதை இறக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். கீழே சேலத்தில் இறக்கி, வென்டாய் பென்டிரைவில் மின்ட், டெபியன் இரண்டையும் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதுதான் நமக்கு டவுன்லோட் ஸ்பீடு. இறக்கியதும் கோப்பு முழுசாக வந்ததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டுவிட்டு ஏறுங்கள், பாதி இறங்கிய கோப்போடு மேலே வந்து நிற்பது கொடுமை.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கணினியில் இரண்டு இயங்குதளமும் வைத்திருக்கிறோம். அங்கே நடந்ததைச் சொல்கிறேன், இரட்டையாகப் போடுகிற எல்லோருக்கும் நடக்கும். காலை 8 மணிக்கு லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸைத் திறந்தார், கடிகாரம் ராத்திரி 2.30 என்று காட்டியது. செக்ரோலில் (தோட்டத்து வருகை, கூலிப் பதிவேடு) ஆள் வருகை நேரம் எல்லாம் நடுராத்திரி. பேட்டரி போய்விட்டது என்று புதிய சிமாஸ் பேட்டரி வாங்கிப் போட்டும் அதேதான். விஷயம் என்னவென்றால் லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கும் அதற்கும் 5 மணி 30 நிமிடம் வித்தியாசம். லினக்ஸிடம் நீயும் உள்ளூர் நேரத்தையே எழுது என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். இந்த விடை எனக்குக் கிடைத்தது யாரோ எப்போதோ ஒரு ஃபோரத்தில் கேட்டு, யாரோ பதில் சொல்லிவிட்டுப் போன இடத்தில். பழைய கர்னல் ஐயா சொன்னதற்கு இதுவே சாட்சி.

இன்னொரு விஷயமும் இரட்டை நிறுவலில் வரும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு, மூடினாலும் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. அதை அணைத்துவிடுங்கள்.

செக்ரோல் இப்போது லிபர் ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில்தான். நிறுவும்போது மொழி ஆங்கிலம் அமெரிக்கா என்று இருந்தால் தேதி மாதம் முன்னாலும் நாள் பின்னாலும் வந்து கூலிப் பட்டியல் வரிசை கலைந்துவிடும். இந்தியா என்று மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கோடை மழைக்கு இங்கே இடி விழுகிற விழுச்சிக்கு யூபிஎஸ் இல்லாமல் எதையும் போடாதீர்கள், அது எந்த இயங்குதளமானாலும்.

ஐந்து ரோடு சர்வீஸ்

ஒண்டிக்கடை அண்ணாவுக்கு ஒரு தட்டுவடை செட் என் கணக்கில்.

கிராக் விண்டோஸ் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன், ஏனென்றால் என் வயிற்றுப் பிழைப்பு அதில் இருக்கிறது. லினக்ஸ் ஏன் பரவவில்லை என்று பெரிய பெரிய காரணம் சொல்கிறார்கள். நம் ஊரில் லினக்ஸ் போட்டி போடுவது காசு கொடுத்து வாங்கும் விண்டோஸோடு இல்லை, 300 ரூபாய் கிராக் விண்டோஸோடு. அதிலே எல்லா மென்பொருளும் கிராக்காகவே சேர்ந்து வரும். ஆக்டிவேட் செய்கிறேன் என்று ஓடவிடும் அந்தச் சின்ன நிரலுக்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், எதற்கு அணைக்கச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதே மெஷினில் வாடிக்கையாளர் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் தட்டுகிறோம்.

லினக்ஸ் போட்டுத் தருகிறேன் 500 ரூபாய் என்றால் உடனே வரும் கேள்வி, இலவசம்தானே, எதற்குக் காசு? மென்பொருள் இலவசம், உங்கள் கோப்புகளை முதலில் நகல் எடுத்து, பிரிண்டரைச் சோதித்து, தமிழ் விசைப்பலகை அமைத்து, டைம்ஷிஃப்ட்டில் மீட்புப் புள்ளி வைத்து, பையனுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிற என் நேரம் இலவசம் இல்லை. குழுக்களில் உதவி செய்கிறவர்களிடமும் இப்படித்தான், ராத்திரி 11 மணிக்குப் படத்தை அனுப்பிவிட்டு அவசரம் என்று கேட்கிறார்கள், சரியானதும் ஆளைக் காணோம், சரியானது என்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன?

கருப்பூர் பெஞ்ச்

இப்போது பாதிப் பேர் குழுவிலும் கேட்பதில்லை அண்ணா, ஏஐயிடம் கேட்டுவிட்டு அது தரும் கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டுகிறார்கள். எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தன் கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரலைச் சரி செய்யப் போய், அது கொடுத்த டிரைவ் பெயர் அவன் மெஷினில் இருந்த வெளி டிஸ்கின் பெயர், ப்ராஜெக்ட் ஃபைல் எல்லாம் போனது. நானும் ஏஐயைக் கேட்கிறேன், நன்றாகத்தான் விளக்குகிறது, தமிழிலும் சொல்கிறது, திட்டுவதில்லை. ஆனால் தப்பாகச் சொன்னால் கீழே இன்னொருவர் வந்து டேய் அது தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பழைய கர்னல்

இதை நான் சொல்லியிருந்தால் கிழவன் புலம்புகிறான் என்றிருப்பாய். சந்தோஷம் தம்பி.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்

எல்லாம் சரி, நான் இன்னும் மாறவில்லை. ஆனால் ஆபீஸில் ஸ்கேன் எடுக்க மட்டும் வைத்திருக்கும் பழைய மெஷின் ஒன்று இருக்கிறது, 2 ஜிபி ராம், 32 பிட். அதில் என்ன ஓடும்?

ஒண்டிக்கடை

பிராசசர் உண்மையிலேயே 32 பிட்டா, இல்லை விண்டோஸ் மட்டும் 32 பிட்டா என்று முதலில் பாருங்கள் சார், பல மெஷினில் பிராசசர் 64 பிட்டாகவே இருக்கும். நிஜமாகவே 32 என்றால் வழி சுருங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கு நிறுவியே கிடையாது. டெபியன் 12 போடலாம், அதன் நீண்டகால ஆதரவு தீரும்வரை ஸ்கேனுக்குத் தாராளம்.

ஐந்து ரோடு சர்வீஸ்

குகை அண்ணே, ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும்போது வருகிறேன், ஓர மெஷினை முடித்துவிடலாம். வேறு யாருக்காவது போட வேண்டும் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வாருங்கள். கோப்புகளை நகல் எடுக்க வெளி டிஸ்க் உங்களுடையதாகவே இருக்கட்டும். விண்டோஸ் 11 மடிக்கணினி கொண்டுவருகிறவர்கள் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துப் பேப்பரில் எழுதி வாருங்கள், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பைத் தொட்டதும் அது கேட்கும், அப்போது முழிக்கக் கூடாது.

கருப்பூர் பெஞ்ச்

நான் வருகிறேன். ஆர்ச் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

அம்மாபேட்டை தறி

பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றுவதை நான் காட்டுகிறேன். அன்றைக்கு நடப்பதை இந்த இழையிலேயே எழுதிவிடலாம், எந்த மெஷின், எந்த பிரிண்டர், எது ஓடவில்லை என்று.

குகை ஜெராக்ஸ்

எல்லோரும் வாருங்கள், சாப்பாடு நம் வீட்டில். ஆடிட்டர் சார், அந்த ஸ்கேன் மெஷினையும் கொடுத்தனுப்புங்கள். டோக்கனையும் அனுப்பினால் லினக்ஸில் எடுக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்

மெஷினைப் பையன் கொண்டுவருவான். டோக்கனை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன், அது என் கையெழுத்து. நானே எடுத்து வருகிறேன், சாப்பாடு எத்தனை மணிக்கு?